பேர் போட்ட செக்கு

பவுனம்மாளின் கதையை அவள் வாயாலேயே கேட்டேன். புத்தூரில் ஒரு பள்ளி விடுதியின் பின்கட்டில், பாத்திரம் துலக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நான் வங்கிக் குமாஸ்தா என்பது அவளுக்குத் தெரியும். அவள் வாழ்க்கையில் நான் செய்த காரியம் மட்டும் தெரியாது. அதை மூன்றாவது ஞாயிறு வரைக்கும் சொல்லாமலே வைத்திருந்தேன்.

அவள் மருங்காபுரிப் பக்கம். மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்கிற பூமி. கல்யாணமாகிப் பொன்மலைக்கு வந்தாள். புருஷன் ஆண்டிக்கு ரயில்வேயில் கலாசி வேலை. ஐம்பத்தொன்றில் விஷக்காய்ச்சல் வந்து எட்டே நாளில் போய்விட்டான். அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. கையில் வள்ளிக்கண்ணு என்று நாலு வயதுப் பெண் குழந்தை. ஆண்டியின் அண்ணன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, "இதுல கைநாட்டு வை, சர்க்காருல பணம் வரும்" என்றான். வைத்தாள். பணம் வந்தது, அவனுக்கு வந்தது.

"அந்தக் காயிதத்துல என்னா எழுதியிருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க சாமி" என்றாள் என்னிடம்.

குழந்தையை மருங்காபுரிப் பக்கமே இருந்த நாத்தனார் காளியாயியிடம் விட்டுவிட்டுத் திருச்சிக்கு வந்தாள். மார்க்கெட்டில் வெங்காயம் புடைத்தாள். உறையூரில் சுருட்டுச் சுற்றினாள். அதற்கப்புறம் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில், மிளகாய் மண்டிக்கு மேலிருந்த ஒரு மாடி வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. "அத விடுங்க" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் நாலு பெண்கள் இருந்தார்கள். அங்கே அவளுக்கு மல்லிகா என்று பெயர். பவுனம்மாள் என்ற பெயர் அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. சொந்த ஊரில் கேட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை என்று சொல்லியிருந்தாள். மாசம் ஒருமுறை துவரங்குறிச்சி பஸ் ஏறிப்போய், சந்தையில் காத்திருக்கும் காளியாயியின் கையில் ரூபாயை வைத்துவிட்டு, மகளை ஒருவேளை சோறு தின்னப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். மணியார்டர் அனுப்பியதே இல்லை. மணியார்டரில் அனுப்புகிறவரின் விலாசம் இருக்கும்.

அந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லோருக்குமே ரொக்கம்தான் பேச்சு. பெரிய கடை வீதியில் செக்குப் புத்தகம் வைத்திருந்த முதலாளிகளும் அந்த மாடிக்கு வந்ததுண்டு. பக்கத்து அறை லூர்துராணி ஒருமுறை, ஒரு ஜவுளிக்காரர் கெஞ்சினார் என்று ஒரு செக்கை வாங்கிவிட்டாள். அது திரும்பி வந்தது. போய்க் கேட்டதற்கு, "எதுக்காகக் குடுத்தேன்னு போலீஸ்ல போய்ச் சொல்லேன்" என்று சிரித்திருக்கிறார் அந்த மனிதர். எங்கே போய்ச் சொல்வது? கோடு போட்ட செக்கை மாற்ற வங்கியில் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க, தெரிந்த மனிதர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவளைத் தெரியும் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள எந்த மனிதர் வருவார்? ஐம்பத்தெட்டில் விபசாரத்தைத் தடுக்கிற புதுச் சட்டம் வந்த பிறகு பயம் இன்னும் கூடியது. இன்னார் இன்னாருக்குக் கொடுத்தார் என்று எழுதிய துண்டுக் காகிதம் போதும், கோர்ட்டில் அதுவே சாட்சி.

"நோட்டு பேசாதுங்க" என்றாள் பவுனம்மாள். "ஆம்பளைக்கும் அது நல்லது, எங்களுக்கும் நல்லது. காயிதம் நம்மளுக்கு முன்னாடி போய் வீட்டுக் கதவத் தட்டும்."

இவ்வளவு தெரிந்தவள்தான் ஒரு செக்கை வாங்கினாள்.

யதிராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். நான் இருந்த சித்திரை வீதியிலேயே எங்களுக்கு ஏழெட்டு வீடு தள்ளி அவர் வீடு. ஒரு மில் ஏஜென்சியில் ஹெட்கிளார்க். வியாழக்கிழமைகளில் பெரிய கடை வீதி ஜவுளிக்கடைகளில் பில் வசூலுக்கு வருவார். மூன்று மணி வாக்கில் வசூல் முடியும். முடிந்ததும் அந்தச் சந்துக்குள் நுழைவார். மிளகாய் நெடியில் அந்தப் படியேறும் எல்லோருக்கும் இருமல் வரும். யதிராஜனுக்கு இரண்டே இருமல். ஒன்று, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. அதை வைத்தே அவள் கதவைத் திறந்துவிடுவாளாம்.

ஐந்து வருஷம் வந்தார். அவர் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. மற்றவர்கள் வந்த காரியத்துக்குத்தான் அவரும் வந்தார். ஆனால் காரியம் முடிந்ததும் தூங்குவார். அரை மணி, முக்கால் மணி. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, குழந்தை மாதிரி. அவள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எழுந்ததும் திருமண்ணைச் சரிபார்த்துக்கொண்டு, ரூபாயை அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போவார். கையில் கொடுத்ததில்லை.

அறுபத்திரண்டு ஆனியில், அந்த வீட்டை விட்டுவிடப் போவதாக அவரிடம் சொன்னாள். வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது. மகள் பெரியவளாகிவிட்டாள். தென்னூரில் சாரா பீவி என்ற அம்மாளிடம் ஓர் அறை வாடகைக்கு இருந்தது. அதற்கு முன்பணமும் ஒரு தையல் மிஷினுக்குப் பணமும் சேர்ந்தால் போதும். ஐந்நூறு ரூபாய்.

அடுத்த வியாழக்கிழமை யதிராஜன் செக்குப் புத்தகத்தோடு வந்தார்.

"எனக்கு அதெல்லாம் வேணாங்க. நோட்டா குடுங்க, இல்லாட்டி குடுக்க வேணாம்" என்றாள்.

"இத்தனை நாள் குடுத்தது கூலி. அதை நோட்டாத்தான் குடுத்தேன். இது கூலி இல்லை. இதைப் பேர் போட்டுத்தான் குடுக்கணும்" என்றார் அவர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "உன் நிஜப் பேர் என்ன?"

பதினோரு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் சொன்னாள். அவர் எழுதினார். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்: "பவுனம்மாள்."

அவளுக்கு அவ்வளவாக எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனாலும் அந்தச் செக்கைப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எடுத்து எடுத்துப் பார்த்தாள். வங்கிக்குப் போக மனம் வரவில்லை. அதற்கப்புறம் யதிராஜன் ஒரு வியாழன் வந்தார். மறு வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழன் மூன்று மணிக்குப் படியில் இருமல் கேட்டது. ஒன்று, நிறுத்தி, இன்னொன்று. கதவைத் திறந்தாள். படியில் யாருமில்லை. கீழே இறங்கிப் போய்ச் சந்தின் முனை வரைக்கும் பார்த்தாள். மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆள், இந்தப் பக்கம் யாரும் வரவில்லையே என்றான். அடுத்த வியாழனும் அப்படியே.

ஏதோ கோபத்தில் மேலே வராமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். செக்கை இன்னும் மாற்றாமல் வைத்திருப்பதுதான் கோபமோ என்று தோன்றியது. மறுநாள் வெள்ளிக்கிழமை நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வங்கிக்கு வந்தாள்.

அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான்.

கோடு போடாத செக்கு, கவுண்டரிலேயே மாற்றலாம். வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தேன். யதிராஜன் பரமபதித்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாரடைப்பு. சட்டியில் நெருப்பெடுத்துக்கொண்டு போனபோது கொள்ளிடக்கரை வரை நானும் போயிருந்தேன்.

"அம்மா, இந்தச் செக்குக்குப் பணம் தர முடியாது. இவர் காலமாயிட்டார்" என்றேன்.

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. கேட்டது புரியவில்லையோ என்று நினைத்தேன்.

"எப்ப?"

"போன வாரத்துக்கு முந்தின திங்கக்கிழமை."

"இல்லீங்களே" என்றாள் மெதுவாக. எனக்குத் தப்பு நேர்ந்துவிட்டது, அதைத் திருத்தவேண்டும் என்பதுபோல. "நேத்திக்கு வந்தாருங்களே. அதுக்கு முந்தின வியாழக்கிழமையும் வந்தாரு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். வங்கி விதிப்படி அதைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. "நீங்க அவருக்கு என்ன உறவு?"

அவள் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். திரும்பி நடந்தாள். செக்கு என் மேஜையிலேயே கிடந்தது.

அதை ஒரு குறிப்போடு அவளிடமே திருப்பித் தந்திருக்க வேண்டும், அதுதான் முறை. வாசல் வரை ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒரு நல்ல குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வீதியில் யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி என் பையில் இருந்தது. பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கால் தரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே யதிராஜனின் மைத்துனர் சாரங்கபாணியைத் தனியாகக் கூப்பிட்டு அதைக் கொடுத்தேன். அவர் வக்கீல் குமாஸ்தா. விளக்கடியில் வைத்துப் படித்தார். "பவுனம்மாள்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நீங்க இதை என்கிட்ட கொண்டுவந்ததாவே இருக்க வேண்டாம்" என்றார். எனக்கு அது உபகாரமாகப் பட்டது.

அவர் கடை வீதியில் விசாரித்து அந்த மாடி வீட்டைத் தெரிந்துகொண்டு போலீசில் புகார் கொடுத்தார். மனுஷனை மிரட்டிச் செக்கு எழுதி வாங்கினாள், அந்த அதிர்ச்சியில்தான் அவர் போனார் என்று புகார். மிரட்டல் வழக்கு நிற்கவில்லை. புதுச் சட்டப்படியான வழக்கு நின்றது. மல்லிகா என்று மட்டும் சொல்லிவிட்டு அபராதம் கட்டித் தப்பியிருப்பாள். அதற்கு முன் இரண்டு முறை அப்படித்தான் ஆகியிருந்தது. இந்த முறை செக்கில் பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி மடக்கி அவளிடமே ஊரையும் கேட்டு வாங்கி, விசாரிக்க ஒரு கான்ஸ்டபிள் மருங்காபுரிப் பக்கம் சைக்கிளில் போனார். சாவடியில் நின்று, ஆண்டி பெண்சாதி பவுனம்மாள் வீடு எது என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார். வள்ளிக்கண்ணு அப்போது கிணற்றடியில் குடத்தோடு நின்றிருந்தாளாம்.

பவுனம்மாளுக்கு ஒரு வருஷம், இப்படிப் பிடிபட்ட பெண்களைச் சர்க்கார் வைக்கிற காப்பு இல்லத்தில் இருக்கும்படி உத்தரவாயிற்று. காளியாயி ஒருமுறை வந்து, கடைசியாக வாங்கியிருந்த ரூபாயை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். "புள்ளையப் பாக்க வராத" என்பது மட்டும்தான் பேச்சு.

இதெல்லாம் எனக்கு அரைகுறையாகக் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கவுண்டரில் எந்தச் செக்கை வாங்கினாலும் முதலில் பெயரைத்தான் பார்த்தேன். கூட்டமில்லாத மத்தியானங்களில் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கை வந்து பிடித்துக்கொள்வதுபோல் இருக்கும், நிமிர்ந்தால் ஒன்றுமிருக்காது. யாராவது சாதாரணமாக "எப்ப?" என்று கேட்டால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும். என் மனைவி செண்பகவல்லி, "உங்களுக்கு என்ன ஆயிடுத்து?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். சித்திரை வீதியில் யதிராஜன் வீட்டைத் தாண்டாமல் இருக்க, சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

அறுபத்தேழில் தங்கை பெண்ணை விடுதியில் சேர்க்கப் புத்தூர் போனேன். பின்கட்டில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். இருவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"பேங்குச் சாமிதானே?" என்றாள். லூர்துராணிக்குத் தெரிந்த ஒரு கன்னிமாடத்துச் சிஸ்டர் மூலம் அந்த வேலை கிடைத்ததாம். "அன்னைக்கு நீங்கதான் மரியாதையா 'அம்மா'ன்னு கூப்பிட்டுச் சொன்னீங்க. வேற யாராச்சும்னா வெரட்டியிருப்பாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை மறுபடி மறுபடி அங்கே போக வைத்தது. தங்கை பெண்ணைப் பார்க்கிற சாக்கில் போவேன். ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்காருவேன். அவள் வேலையை நிறுத்தாமலே பேசுவாள்.

யதிராஜனின் மனைவி கோதைநாயகி காப்பு இல்லத்துக்கு வந்ததை இரண்டாவது ஞாயிறு சொன்னாள். அவருடைய முதல் வருஷத் திவசமான வருஷாப்தீகம் முடிந்த கையோடு, ஒற்றைக்குதிரை வண்டியில், யாருக்கும் சொல்லாமல் வந்திருக்கிறாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதிர்ல உக்காந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, 'அவர் உங்காத்துல தூங்குவாரா?'ன்னு. தூங்குவாருங்க, அரை மணி நேரம்னேன். அழுதாங்க சாமி. 'எங்காத்துல பன்னண்டு வருஷமா கண்ண மூடலே. கூடத்துல நடந்துண்டே இருப்பார். எங்கயாவது தூங்கினாரே'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க."

"அப்புறம்?"

"எந்திரிச்சுப் போறப்ப, 'உங்களுக்கும் இருமல் சத்தம் கேக்கறதா?'ன்னாங்க. நான் யாருகிட்டயும் அதச் சொல்லலியே. அந்த வீட்ட விட்டு வந்தப்புறம் கேக்கலீங்கன்னேன். 'எங்காத்து மாடிப்படில இன்னும் கேக்கறது'ன்னுட்டு வண்டி ஏறிட்டாங்க."

அவள் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நான் அன்றைக்கு அதற்குமேல் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு மகளைப் பற்றிச் சொன்னாள். போன வருஷம் வைகாசியில் மணப்பாறையில் வள்ளிக்கண்ணுவுக்குக் கல்யாணம். காளியாயி சொல்லவில்லை, சந்தைக்கு வந்தவர்கள் வாயால் தெரிந்தது. பஸ் ஏறிப் போனாள். பந்தலில் ஆயிரம் பேர். முக்காடு போட்ட ஒருத்தியை யாரும் கவனிக்கவில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மாப்பிள்ளை நல்ல உயரம், சிரித்த முகம். எல்லாம் பார்த்துக்கொண்டாள். பிறகு மொய் எழுதுகிற இடத்துக்கு வந்து நூறு ரூபாயை நீட்டினாள்.

பெரிய தொகை. எழுதுகிறவர் மரியாதையாக நிமிர்ந்தார். "பேர் சொல்லுங்கம்மா."

"பேரு வேணாங்க."

"பேர் இல்லாம மொய் எப்படிம்மா எழுதறது? நாளைக்குத் திருப்பிச் செய்யணுமில்ல அவங்க?"

"திருப்பிச் செய்ய வேணாங்க. பொண்ணு கையில சேர்ந்தாப் போதும்."

அவர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பினார். உரத்த குரலில் காளியாயியைக் கூப்பிட்டார். காளியாயி திரும்புவதற்குள் பவுனம்மாள் பந்தலை விட்டு இறங்கிவிட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரை திரும்பிப் பார்க்காமலே நடந்தாள்.

"எழுதினாங்களோ என்னமோ" என்றாள் என்னிடம். "எம் பேர எழுதியிருந்தா அந்தப் புள்ள வாழ்க்கை அன்னைக்கே போயிருக்கும். அந்தச் செக்கு எப்படி போலீசுக்குப் போச்சுன்னுதான் எனக்கு வெளங்கவே இல்ல. பேங்குலேருந்து சர்க்காருக்கு அனுப்பிருவீங்களா சாமி, செத்தவங்க செக்க?"

ஐந்து வருஷமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

"அனுப்ப மாட்டோம்" என்றேன். "நான்தான் எடுத்துண்டு போனேன். அவர் மைத்துனர் கையில நான்தான் குடுத்தேன்."

அவள் தேய்த்துக்கொண்டிருந்த தேங்காய் நார் நின்றது.

"உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லை."

"அதுல உங்களுக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலை."

"அப்பறம் ஏன் சாமி?"

எனக்குப் பதில் தெரியும். கால் தரிக்காமல் பாலம் தாண்டினேனே, அதை அவளிடம் எப்படிச் சொல்வது? கும்பிடப்போன என் கைகளைப் பார்த்து அவள் தலையை அசைத்தாள்.

"வேணாங்க. எந்திரிங்க."

எழுந்தேன். அவள் குழாயைத் திறந்து அண்டாவில் தண்ணீர் விட்டாள். குழாய்ச் சத்தத்தில் அவள் அழுதாளா, இல்லையா என்று தெரியவில்லை.

"இனிமே இங்க வராதீங்க" என்றாள், என்னைப் பார்க்காமல். சற்று நிறுத்தி, "உங்க தங்கச்சி புள்ளையப் பாக்கணும்னா முன்வாசல்ல வந்து பாருங்க. அதுக்குக் குறையில்ல" என்றாள்.

அதற்குப் பிறகு பின்கட்டுக்குப் போகவில்லை. அறுபத்தொன்பதில் அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள் என்று தங்கை பெண் சொன்னாள். தென்னூரில் சாரா பீவி அம்மாளோடு இருக்கிறாள், துணி தைக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். மகளுக்குப் பிரசவம் என்று மணப்பாறைக்கே போய்விட்டாள் என்று இன்னொருவர் சொன்னார். எது நிஜம் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கிறவன் ஒரு பெயரைச் சொல்லித்தானே கேட்கவேண்டும்?

அந்த மூன்றாவது ஞாயிறு புத்தூரிலிருந்து வீடு திரும்பியதும் செண்பகவல்லியை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவள் உள்ளே போய் எனக்குச் சாதம் போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.